நான் உள்ளுக்குப் போகாத இருபத்தேழாம் இலக்கம்

பிள்ளையள், முதல்ல அந்த ஃபானை ஆராவது நிப்பாட்டுங்கோ. அது போடுற சத்தத்துக்கு மேலால நான் கத்த வேண்டிக் கிடக்கு. நான் கத்தினால் கோவத்தில கதைக்கிறன் எண்டு நினைப்பியள். முப்பத்திநாலு வருசம் இந்த வீடமைப்பு ஒஃபிஸில இருந்து தோட்டம் தோட்டமாக் கத்தினதில என்ர தொண்டை அப்பிடிப் போச்சுது. வீட்டில மனுசி இண்டைக்கும் சொல்லுறா, "ரிட்டயர் பண்ணியாச்சு, இது ஒஃபிஸ் இல்லை, பருப்பு வேணுமெண்டால் மெதுவாக் கேளுங்கோ" எண்டு.

நாளைக்கு உங்களைக் கணக்கெடுப்புக்கு அனுப்பப் போகினமாம். வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில தொடங்கி அங்கால வரைக்கும். ஃபோம் நிரப்புறது, அளக்கிறது, கதவில இலக்கம் அடிக்கிறது எல்லாம் பயிற்சியில சொல்லித் தந்திருப்பினம். அதை நான் திருப்பிச் சொல்ல வரேல்லை. அந்த ஃபோமில நாலாம் பக்கத்தில ஒரு சின்னக் கட்டம் இருக்கு, பாத்திருப்பியள். "உள்ளே சென்று பார்வையிடப்பட்டது." அந்தக் கட்டத்தில நான் ஒருக்கால் பொய்யாச் சரி போட்டனான். அந்த ஒரு சரியால ரெண்டு உசிர் பெக்கோ மெஷினுக்குக் கீழ போகப் பாத்தது. சுவர் இடிக்கிற மஞ்சள் மெஷின், அதைத்தான் சொல்லுறன். இதை நான் பிரியாவிடையிலயும் சொல்லேல்லை, என்ர பிள்ளையளுக்கும் சொல்லேல்லை. உங்களுக்குச் சொல்லுறன், ஏனெண்டால் நாளைக்குப் பேனை உங்கட கையில.

இப்ப கொழும்பைப் பாருங்கோ. வெள்ளவத்தையில எங்கட ஒழுங்கையில முந்தி நிண்ட வீடுகள் ஒண்டும் இப்ப இல்லை, எல்லாம் தொடர்மாடி. அவ்வளவு மாடி கட்டியும் இருக்க இடமில்லை. உங்களில பாதிப்பேர் ரூம் தேடி அலைஞ்ச ஆக்கள்தானே? சைவமோ, ஆர் ஆர் வந்து போவினம், எத்தினை மணிக்கு லைட் நிப்பாட்டுவியள் எண்டு வீட்டுக்கார அம்மா கேட்ட கேள்வி எல்லாம் ஞாபகம் இருக்குமே! சம்பளம் எடுக்கிற உங்களுக்கே அந்தப் பாடு. அண்டண்டு உழைக்கிற சனம் என்ன செய்யும்? பஸ் ஸ்ராண்டில படுக்கிறவையைக் கண்ணால காணலாம், கணக்கும் எடுக்கலாம். கண்ணில படாமல் இருக்கிற வீடில்லாத சனம்தான் எங்கட வேலைக்குப் பெரிய சோதனை. அவை இன்னொருத்தற்ற கதவுக்குப் பின்னால இருக்கினம்.

இது நடந்து பத்துப் பன்னிரண்டு வருசம் இருக்கும். கொட்டாஞ்சேனையில இருந்து முகத்துவாரத்துக்கு இறங்கிற பக்கம் ஒரு தோட்டம். எங்கட ஒஃபிஸ் பாஷையில தோட்டமெண்டால் மரஞ்செடி இல்லை எண்டு உங்களுக்குத் தெரியும். ஒரு பைப், ரெண்டு கக்கூஸ், ஒரு கை அகல ஒழுங்கை, ரெண்டு பக்கமும் நாப்பத்திரண்டு கதவு. அந்தச் சனம் எல்லாரையும் முகத்துவாரத்தில புதுசாக் கட்டின தொடர்மாடிக்கு மாத்திறது என்ர பொறுப்பு. ஒவ்வொரு கதவிலயும் சிவப்புப் பெயின்றால இலக்கம் அடிச்சு, ஒரு கதவுக்கு ஒரு ஃபிளாட் எண்டு பட்டியல் போட்டன். எனக்கு அப்ப நல்ல பேர். கெதியா முடிக்கிறவன், பட்டியலில பிழை வராதவன் எண்டு. பதவி உயர்வுக்கு இன்ரவியூவும் கிட்ட வந்து கொண்டிருந்தது.

இருபத்தேழாம் இலக்கம் பூட்டியிருந்தது. வெளியால பெரிய ஆமைப் பூட்டு. தட்டினன், சத்தமில்லை. சட்டப்படி மூண்டு தரம் போகவேணும். அடுத்த நாளும் போனன், அதுக்கடுத்த நாளும் போனன். மூண்டு நாளும் பூட்டு. மூண்டு நாளும் நான் போனது காலமை பத்து மணிக்கு. ஏன் பத்து? எட்டரைக்கு ஒஃபிஸில கையெழுத்து, ஒன்பதரைக்குப் பிளேன்ரீ, பத்துக்குத் தோட்டம், பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. என்ர வசதி, வேறென்ன! மூண்டு நாளும் ஒரே நேரத்துக்குப் போனால் அது ஒருக்கால் போனதுதான், பிள்ளையள். அப்ப எனக்கு அது விளங்கேல்லை.

முன் வீட்டில சேகர் எண்டு ஒராள். கடலுக்குப் போறவர். மூண்டாம் நாள் அவரைக் கேட்டன், இது ஆற்றை அறை எண்டு.

"நம்மளுதுதான் சேர். ஸ்டோரு. பழைய வலை, மோட்டர் சாமான் கெடக்கு. தெறந்து காட்டவா? சாவி தம்பிகிட்ட இருக்கு, அவன் கடலுக்குப் போயிட்டான்."

"அப்ப ஆளில்லை?"

"ஆளா? எலிதான் சேர் இருக்கு!"

அவரும் சிரிச்சார், நானும் சிரிச்சன். கதவில இருபத்தேழுக்குப் பக்கத்தில ஸ்டோர் எண்டு அடிச்சன். சாவியை இன்னொரு நாள் வந்து வாங்கித் திறந்து பாத்திருக்க வேணும். வெயில், வியர்வை, பசி. கட்டத்தில சரி போட்டு ஒப்பமும் வைச்சன்.

எங்கட பிரிவில ஒரு கிளார்க் இருந்தா. சிங்களப் பிள்ளை, என்னை விடப் பத்து வயசு குறைவு. பேர் சொல்லேல்லை, சொன்னால் அவவுக்குப் பிடிக்காது. நான் நங்கி எண்டுதான் கூப்பிடுறனான், சிங்களத்தில தங்கச்சி. பட்டியலை ரைப் பண்ணிப்போட்டு ஒரு பழைய கொப்பியோட என்ர மேசைக்கு வந்தா. தோட்டத்தில விடியப்புறம் நாலரைக்குத்தான் பைப்பில தண்ணி வரும். சனம் முதல் நாளே வாளியை வரிசையில வைச்சிடும், வீட்டுக்கு ஒரு முறை. அந்த முறையைப் பைப்புக்குப் பொறுப்பான ஒரு அக்கா கொப்பியில எழுதி வைச்சிருந்தா. தண்ணி பவுசர் லொறி கேட்டு மனுக் குடுக்கேக்க அந்தக் கொப்பியும் எங்கட ஒஃபிஸுக்கு வந்திருந்தது.

"சேர், வாளி நாப்பத்திரண்டு. உங்கட பட்டியலில வீடு நாப்பத்தொண்டு. ஒரு வாளி ஆற்றை?" எண்டு சிங்களத்தில கேட்டா.

"ஆரும் ரெண்டு வாளி வைச்சிருப்பினம், நங்கி."

"ரெண்டு வாளி வைச்சால் அந்த அக்கா தண்ணியை அவற்ற தலையிலயே ஊத்திப்போடுவா."

எனக்குக் கோவம் ஏறிச்சுது. "வாளி எண்ணுறதுக்கு எனக்குச் சம்பளம் தரேல்லை, நங்கி" எண்டன். அவ கொப்பியை மூடிக்கொண்டு போய்ட்டா. உங்களில ஆருக்காவது நாளைக்கு ஒரு கிளார்க் வந்து இப்பிடி ஒரு கேள்வி கேட்டால், தயவு செய்து அவவுக்கு ஒரு கதிரை இழுத்துப் போடுங்கோ.

சீட்டிழுப்பு நடந்தது. ஆருக்கு எந்த மாடி எண்டு சீட்டெடுத்து எல்லாருக்கும் வீட்டுச் சாவி குடுத்தம். குடிபோன நாள் பாக்க வடிவு. ஒரு லொறியில சனம் பானை சட்டி, ரீவி, அந்தோனியார் சுரூபம், முருகன் படம் எல்லாம் ஒண்டாய் ஏத்திக் கொண்டு போச்சுது. புது வீட்டில பால் பொங்க வைச்சு எனக்கும் ஒரு கோப்பை தந்தினம். எனக்குக் கண் கலங்கிப் போச்சு. நாப்பத்தொரு குடும்பம், ஒரு சண்டையில்லை, ஒரு முறைப்பாடில்லை. இன்ரவியூவில இதைத்தான் சொல்லவேணும் எண்டு பஸ்ஸில வரேக்க நினைச்சன்.

தோட்டத்தை விட்டுச் சனம் போனால் உடன இடிக்கவேணும். ஒரு கிழமை விட்டால் அந்த அறையளுக்குள்ள வேற குடும்பங்கள் வந்திடும், பிறகு அவையை எழுப்பிறது பாவம். அதால அடுத்த நாள் காலமையே பெக்கோ வந்தது. ஓட்டுறவர் ஒரு சிங்களப் பெடியன், நல்ல பிள்ளை, தொடங்க முதல் ஸ்ரியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டான். ஒழுங்கை வாசலில இருந்து இடிச்சுக் கொண்டு உள்ளுக்குப் போறதுதான் திட்டம். ரெண்டாம் வரிசையில வாசலடியில முதலாவது இருபத்தாறு. அடுத்தது இருபத்தேழு.

நான் கடைசியாய் ஒருக்கால் நடந்து பாத்தன். எல்லாக் கதவும் ஆவெண்டு திறந்து கிடக்கு, இருபத்தேழு மட்டும் பூட்டினபடி. சேகர் ஸ்டோரைக் காலி செய்ய மறந்து போனாராக்கும், பழைய வலைதானே எண்டு நினைச்சன். கையைத் தூக்கி அந்தத் தம்பிக்குச் சைகை காட்டவும் போனன். அப்பத்தான் கீழ பாத்தன்.

கதவுக்கு முன்னால கழிவுத் தண்ணிக் கான் ஓடுது. சனம் போன தோட்டத்தில கான் காய்ஞ்சு கிடக்க வேணும். இருபத்தேழுக்குக் கீழ மட்டும் ஈரம். அதில வெள்ளைத் தண்ணி. அரிசி கழுவின தண்ணி.

எலி அரிசி கழுவுமோ?

"மல்லி, நவத்தன்ன! நவத்தன்ன!" தம்பி, நிப்பாட்டு எண்டு நான் கத்தின கத்தில பெடியன் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு இறங்கி ஓடி வந்தான். நான் கதவில தட்டினன். சத்தமில்லை. திரும்பவும் தட்டினன், இல்லை. உள்ளுக்கு ஆரோ மூச்சை அடக்கிக் கொண்டு இருக்கிறது எனக்குத் தெரியுது. தட்டத் தட்ட இன்னும் பயப்பிடுவினம் எண்டு பட்டது. தட்டுறதை விட்டிட்டு நிலத்தில குந்தினன். கதவுக்குக் கீழ நாலு விரல் இடைவெளி. அதுக்குள்ளால கதைச்சன்.

"உள்ளுக்கு ஆர் இருக்கிறீங்கள்? பயப்பிடாதேங்கோ. நான் வீட்டு ஒஃபிஸில இருந்து வந்தனான்."

பிறகு ஒரு சின்னப் பிள்ளையின்ர குரல், கதவுக்கு அந்தப் பக்கம், எனக்கு நேரா.

"எனக்குத் தெரியும். மண்ணிறச் சப்பாத்து அங்கிள். நீங்க முந்தியும் மூணு நாள் வந்து தட்டினீங்க."

மூண்டு நாளும் அந்தப் பிள்ளை கதவுக்குக் கீழால என்ர சப்பாத்தைப் பாத்துக் கொண்டு இருந்திருக்கு. நான் சேகரோட எலிப் பகிடி விட்டுச் சிரிச்சதையும் கேட்டிருக்கும். வெக்கம் எண்டால் அப்பிடி ஒரு வெக்கம் எனக்கு அதுக்கு முதலும் வரேல்லை, அதுக்குப் பிறகும் வரேல்லை.

பிறகு ஒரு ஆம்பிளைக் குரல். "சேர், பூட்ட ஒடச்சிராதீங்க. ஸ்டெல்லா பன்னண்டு மணிக்கு வந்துருவா. புள்ளைய வச்சிக்கிட்டு நான் எந்திரிக்க முடியாதவன். கதவு போனா நமக்கு மறைப்பு இல்ல சேர்."

ஆறுதலாக் கேட்டதில விசயம் விளங்கினது. அவர் பெர்னாட். துறைமுகத்தில மூட்டை தூக்கினவர், பெட்டி ஒண்டு விழுந்து முதுகு போய் ரெண்டு வருசமாப் படுக்கை. மனுசி ஸ்டெல்லா பேலியகொடை மீன் சந்தையில மீன் வெட்டுறா. மூண்டு மணிக்கு எழும்பி, சமைச்சு வைச்சு, வாளியில தன்ர முறைத் தண்ணியும் பிடிச்சு வைச்சிட்டுப் போனால் பகல்தான் வருவா. மகள் ஷாலினிக்கு ஏழு வயசு. தோட்டத்தில குடிச்சுப்போட்டுத் திரியிற ஆக்கள் இருந்தபடியால், ரெண்டு பேரையும் உள்ளுக்கு விட்டு வெளியால பூட்டிக் கொண்டு போவா. ஆர் தட்டினாலும் மூச்சு விடப்படாது எண்டு சொல்லி வைச்சிருந்தா. ஏழு வயசுப் பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் போகேல்லை எண்டு கேட்டன். பள்ளிக்கூடம் விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டதாம். கிராம சேவகர் வீட்டுச் சொந்தக்காரரின்ர கடிதம் கேட்டாராம். சொந்தக்காரர் சேகர் குடுக்கேல்லை. வாடகைக்கு ஆள் வைச்சிருந்தால் ஃபிளாட் தரமாட்டினம் எண்டு தோட்டத்தில ஒரு கதை உலாவினதாம். நாங்கள் அப்பிடிச் சொல்லவேயில்லை. ஆனால் அப்பிடியில்லை எண்டும் நாங்கள் ஒரு நாளும் சொல்லேல்லையே!

நான் எங்கட பெரியவருக்குப் ஃபோன் அடிச்சன். அவர் கெட்ட மனுசன் இல்லை. அவருக்கும் மேல ஆக்கள் இருந்தினம், திகதி இருந்தது.

"பட்டியலில இல்லாத ஆளுக்கு நான் என்ன செய்யிறது? வெளியால எடுத்து விட்டிட்டு வேலையை முடி. அடுத்த திட்டத்தில பேரைப் போடலாம்."

"சேர், மனுசன் படுத்த படுக்கை."

"நீ உள்ளுக்குப் போய்ப் பாத்து ஸ்டோர் எண்டு ஒப்பம் வைச்சிருக்கிறாய். அதுக்குப் பிறகு ஆரோ வந்து குடியேறியிருக்கினம். விளங்குதோ? உன்ர ஒப்பம் உன்னைக் காப்பாத்தும். குழப்பாதை."

அவர் சொன்னது சரி. என்ர பொய் என்னைக் காப்பாத்தும். அவை புதுசா வந்து புகுந்த ஆக்கள் எண்டு ஆகிடும், புகுந்த ஆக்களுக்கு ஒண்டும் குடுக்கத் தேவையில்லை. அவை பழைய ஆக்கள் எண்டு நான் எழுதினால், நான் உள்ளுக்குப் போகாமல் ஒப்பம் வைச்சன் எண்டும் எழுதவேணும். ரெண்டும் ஒரே கடிதத்திலதான் வரும்.

நான் உடன நெஞ்சை நிமித்தி உண்மையை எழுதினன் எண்டு உங்களுக்குச் சொல்ல ஆசைதான். இல்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல அந்த ஒழுங்கையில குந்தியிருந்து என்ர இன்ரவியூவை நினைச்சன். மகளின்ர படிப்பை நினைச்சன். அடுத்த திட்டத்தில இவையைப் போட்டால் என்ன குறை, நாலு மாதம்தானே எண்டு எனக்கு நானே கதை சொன்னன். பெக்கோக்காரப் பெடியன் சந்திக் கடையில போய் மூண்டு பணிஸ் வாங்கிக் கொண்டு வந்து, ரெண்டைக் கதவுக்குக் கீழால தள்ளி விட்டான். ஒண்டை எனக்குத் தந்தான். எனக்கு இறங்கேல்லை.

பன்னிரண்டரைக்கு ஸ்டெல்லா வந்தா. சந்தியில இறங்கேக்கயே மெஷினைக் கண்டிட்டா. செருப்பைக் கையில எடுத்துக் கொண்டு ஓடி வாறா. உடுப்பெல்லாம் செதில். கதவு நிக்குது எண்டு கண்ட பிறகுதான் மூச்சு விட்டா. என்னைப் பாத்துக் கும்பிட்டா.

"சேர், சேகரண்ணன் மேல கோவிக்காதீங்க. எடம் குடுத்தவரு. போன வாரமே போகச் சொல்லிட்டாரு, நாந்தான் ரூம் கெடைக்காம நின்னுட்டேன். படுத்துக் கெடக்கிற ஆளோட வந்தா யாரும் குடுக்க மாட்டேங்கிறாங்க. நாங்க வீடு கேக்கல சேர். நாளைக்கு வரைக்கும் டைம் குடுங்க, அது போதும்."

கேக்கல எண்டு அவ சொன்னது என்னைச் சுட்டுப் போட்டுது. திட்டினால் தாங்கியிருப்பன். நாலு வருசம் அந்தத் தோட்டத்தில இருந்த ஒரு மனுசி, தனக்கும் ஒரு பங்கு இருக்கெண்டு தெரியாமல் என்னட்டை ஒரு நாள் தவணை கேக்கிறா. அவவுக்குச் சேர வேண்டியதை ஆமைப் பூட்டைப் பாத்து அழிச்சவன் நான்.

சேகரின்ர வெறும் வீட்டு வாசல்படியில இருந்து, ஃபோமின்ர பின் பக்கத்தில எழுதினன். நீட்டி முழக்கேல்லை. "இருபத்தேழாம் இலக்கத்தினுள் நான் செல்லவில்லை. சென்றதாக ஒப்பமிட்டது பிழை. அங்கே மூவர் கொண்ட குடும்பம் நான்கு வருடமாக வசிக்கிறது. இன்று நேரில் கண்டேன்." ஒப்பம் வைச்ச பிறகு பசிச்சது. மிச்சமிருந்த பணிஸைச் சாப்பிட்டன்.

கடிதம் எழுதினால் வீடு வந்திடுமோ? தொடர்மாடியில ஒரு ஃபிளாட்டும் மிச்சமில்லை. பின்னேரம் ஒஃபிஸுக்குப் போய், நங்கியின்ர மேசைக்கு முன்னால நிண்டு, "அந்த வாளி ஆற்றை எண்டு கண்டு பிடிச்சிட்டன்" எண்டு சொன்னன். அவ என்னைக் குத்திக் காட்டேல்லை. கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சா.

"சேர், கீழ் மாடியில மூண்டாம் இலக்கம்?"

"அது எங்கட சைட் ஒஃபிஸ்."

"ஓம். ரெண்டு அறை, குசினி, பாத்ரூம். வீடுதானே சேர்?"

வீடு போதாது எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்ச நாங்கள், ஒரு முழு வீட்டில ரெண்டு அலுமாரியையும் ஒரு ஃபானையும் குடிவைச்சிருந்தம்! ஃபைலுகளை எங்க வைக்கிறது எண்டு கேட்டன். படிக்கட்டுக்குக் கீழ எண்டா. மழைச் சாரல் அடிக்குமே எண்டன். "பெர்னாட்டில அடிக்கிறதை விட ஃபைலில அடிக்கட்டும்" எண்டா.

அண்டு பின்னேரமே ரெண்டு பேரும் பெரியவரிட்டப் போனம். அவர் என்னை ஏசின ஏச்சை இங்க சொல்லேலாது, பொம்பிளைப் பிள்ளையளும் இருக்கிறியள். விசர் பிடிச்சிட்டுதோ எண்டு கேட்டார். ஆனால் கடிதம் ஃபைலில போட்டாச்சு, நங்கி இலக்கமும் அடிச்சிட்டா. அதை வாசிச்ச பிறகு அந்தக் குடும்பத்தைப் புகுந்த ஆக்கள் எண்டு ஒருத்தரும் எழுதேலாது. கடைசியில, "தற்காலிகம் எண்டு போடு" எண்டு ஒப்பம் வைச்சுத் தந்தார். எங்கட நாட்டில தற்காலிகம் எண்டால் எவ்வளவு உறுதி எண்டு அவருக்கும் தெரியும்.

அடுத்த நாள் பெர்னாட்டைத் தூக்கிக் கொண்டு போக ஆள் வேணும். புதுத் தொடர்மாடிக்குப் போய்ச் சேகரைக் கூப்பிட்டன். மனுசன் என்ர முகத்தைப் பாக்கேல்லை. "வாடகைக்கு வச்சவன் வீடும் போயிருமோன்னு பயந்துட்டேன் சேர். நாலு பிள்ளைங்க" எண்டார். "உன்ர வீடு உன்னட்டத்தான், வந்து ஒரு கை பிடி" எண்டன். தனியா வரேல்லை. பைப் அக்கா, அவவின்ர மகன்மார், ஏழெட்டுப் பேர் வந்தினம். கதிரையோட பெர்னாட்டைத் தூக்கினம். ஒழுங்கையை விட்டு வெளிய வந்த உடன மனுசன் வானத்தைப் பாத்துக் கண்ணைச் சுருக்கிக் கொண்டு, "என்ன வெயிலு!" எண்டு சிரிச்சார். ரெண்டு வருசத்துக்குப் பிறகு காணிற வெயில்.

பதவி உயர்வு எனக்கு வரேல்லை. விசாரணை வைச்சினம், எச்சரிக்கைக் கடிதம் தந்தினம், இன்ரவியூவில என்னை விட இளையவர் ஒருத்தர் மேல போனார். எனக்குக் கவலையில்லை எண்டு பொய் சொல்ல மாட்டன். ரெண்டு மாதம் வீட்டில ஒருத்தரோடயும் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. ஆனால் படிக்கட்டுக்குக் கீழ இருந்த அந்த மேசையில நான் பாத்த வேலை, அறைக்குள்ள ஃபானுக்குக் கீழ இருந்து ஒரு நாளும் பாத்ததில்லை. ஏறி இறங்கிற சனம் எல்லாம் நிண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுத்தான் போகும். எந்த வீட்டில மகள் கலியாணம் முடிச்சு மருமகனோட வந்து நெருக்கிப் படுக்கினம், ஆர் ஃபிளாட்டைப் பூட்டி வைச்சிட்டு வேற இடத்தில இருக்கினம், எந்த உறவுக்காரர் பொரளை ஆஸ்பத்திரிக்கு வந்து போக இடமில்லாமல் வராந்தாவில கிடக்கினம், எல்லாம் அந்த மேசைக்கு வந்தது. அடுத்த கணக்கெடுப்பில ஒரு கதவுக்கு மூண்டு தரம், மூண்டு வேற நேரத்தில போகவேணும் எண்டு சுற்றுநிருபத்தில எழுத வைச்சம். உங்கட ஃபோமில "பார்வையிட்ட நேரம்" எண்டு மூண்டு கட்டம் இருக்கே, அது நங்கி போட்டது. அதால அந்த முறை பூட்டின கதவுகளுக்குப் பின்னால இருந்து ஐஞ்சு குடும்பம் பட்டியலுக்கு வந்தது. ஐஞ்சுக்கும் வீடு கிடைச்சது. நாளைக்கு நீங்கள் போற கால்வாய்க் கரையில எத்தினை வரும் எண்டு எனக்குத் தெரியாது. ஆனால் வரும். அது நிச்சயம்.

ஒரு பிழை விட்டால் என்ன செய்யிறது எண்டு நீங்கள் கேக்கலாம். பிழை விடுவியள். வெயில் சுடும், கால் நோகும், ஆரோ சிரிச்சுக் கொண்டு ஒரு பொய் சொல்லும். பிழை தெரிஞ்ச அண்டைக்கே எழுதுங்கோ. அடுத்த நாள் எழுதலாம் எண்டு விட்டால், அந்தப் பிழைக்கு நீங்களே காவல் நிக்கிற ஆளாகிப் போவியள். நான் ஒரு மணித்தியாலம் நிண்டு பாத்தனான், அது மனுசன் நிக்கிற இடமில்லை.

பெர்னாட் குடும்பம் குடிவந்து மூண்டு மாதம் இருக்கும். ஒரு நாள் மத்தியானம் ஸ்டெல்லா சந்தையால வந்த கையோட படிக்கட்டுக்குக் கீழ வந்து நிண்டா. கையில ஒரு என்வலப். பிரிக்கேல்லை. மீன் கையெண்டு சேலைத் தலைப்பால பிடிச்சிருந்தா. முகம் செத்துப் போயிருந்தது.

"சிங்களத்தில இருக்கு சேர். தபால்காரரு கதவுல தந்துட்டுப் போனாரு. தற்காலிகம்னு சொன்னீங்களே... கெளம்பச் சொல்லிட்டாங்களா?"

வாங்கிப் பிரிச்சன். பள்ளிக்கூடத்தில இருந்து. ஷாலினியை வகுப்பில சேர்த்திருக்காம், வாற திங்கட்கிழமை கூட்டிக் கொண்டு வரட்டாம்.

சொன்னன். அழுவா எண்டு பாத்தன், அழேல்லை. கடிதத்தையும் என்வலப்பையும் வாங்கிப் பாத்திட்டு, என்வலப்பை என்னட்டைத் திருப்பித் தந்தா.

"உள்ள இருக்கிறது சரி சேர். மேல என்னா எழுதியிருக்கு?"

"உங்கட பேரும் விலாசமும்."

"வாசிங்க."

வாசிச்சன். திருமதி ஸ்டெல்லா பெர்னாட். இலக்கம் மூண்டு, கீழ் மாடி, முகத்துவாரம், கொழும்பு பதினைஞ்சு.

"இன்னொருக்கா வாசிங்க சேர்."

வாசிச்சன். அவ உதட்டை அசைச்சுக் கொண்டு கேட்டுக் கொண்டு நிண்டா. நான் மூண்டாந்தரமும் வாசிப்பம் எண்டு வாயைத் திறக்க, அவ கையைக் காட்டி மறிச்சுப்போட்டு, படிக்கட்டில ஏறிற சனமெல்லாம் திரும்பிப் பாக்கிற மாதிரிப் தன்ர விலாசத்தைப் பெரிசாத் தானே சொன்னா.